அசைவு 54, உயிர்ப்பு 41, அனெக்சின் 47, டியூனல் 11: எந்த எண்ணை நம்புவது?

நியூபார்_லேப்:

வணக்கம். ஒரே விந்து சாம்பிள், நான்கு டெஸ்ட். எண்கள் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. விவரம் இதுதான்.

வயது 34. அப்ஸ்டினென்ஸ் (முந்தைய விந்து வெளியேற்றத்துக்குப் பின் இடைவெளி) 6 நாள். அளவு 2.6 மி.லி., 25 நிமிடத்தில் திரவமாகிவிட்டது. செறிவு மி.லி.க்கு 38 மில்லியன். மொத்த அசைவு 54%, அதில் முன்னோக்கி நீந்துபவை 37%. ரவுண்ட் செல் (விந்தணு அல்லாத உருண்டை செல்) மி.லி.க்கு 3 மில்லியன். மார்பாலஜி (சரியான வடிவம் உள்ளவை) 4%.

ஈயோசின்-நிக்ரோசினில் (ஈயோசின் செத்த விந்தணுவுக்குள் மட்டும் ஏறும் சாயம்) உயிருள்ளவை 41%. இரண்டு ஸ்லைடு, தலா 200 எண்ணியது.

அனெக்சின் V-உம் (சாகும் செல்லின் சவ்வில் வெளிவரும் கொழுப்பில் ஒட்டுவது) பி.ஐ.யும் (புரோப்பிடியம் அயோடைடு, ஓட்டைச் சவ்வு வழியாக ஏறும் சாயம்) சேர்த்து ஃப்ளோவில் (செல்களை ஒவ்வொன்றாக லேசரில் அளக்கும் மெஷின்) ஓட்டியதில்: இரண்டும் நெகடிவ் 45%, அனெக்சின் மட்டும் 31%, இரண்டும் பாசிட்டிவ் 16%, பி.ஐ. மட்டும் 8%. அதற்கு முன் பி.பி.எஸ்.ஸில் (உப்புக் கரைசல்) இரண்டு முறை கழுவியது, 2000 ஆர்.பி.எம்., 10 நிமிடம். ஃபார்வர்டு ஸ்கேட்டர், சைடு ஸ்கேட்டர் (செல் சிதறடிக்கும் ஒளி) பார்த்து கேட் (எவற்றை எண்ணுவது என்ற எல்லை) போட்டது, 10,000 ஈவென்ட்.

டியூனல் (டி.என்.ஏ. உடைந்த விந்தணுவைக் காட்டும் டெஸ்ட்), அதுவும் ஃப்ளோவில், கிட்டில் சொன்னபடியே: 11%.

பாதிக்குப் பாதி விந்தணு சாகிறது என்று ஒரு டெஸ்டும், டி.என்.ஏ. நன்றாக இருக்கிறது என்று இன்னொரு டெஸ்டும் சொன்னால் ரிப்போர்ட்டில் எதை எழுதுவது? ரிப்போர்ட்டைக் கேட்ட டாக்டர் இக்ஸி (ஒரு விந்தணுவை நேராக முட்டைக்குள் செலுத்தும் முறை) யோசித்துக்கொண்டிருக்கிறார்.


ஆயில்_இம்மெர்ஷன்:

ஃப்ளோவுக்குப் போகும் முன் முதல் இரண்டு எண்ணைப் பாருங்கள். 54% நீந்துகிறது, 41%தான் உயிரோடு இருக்கிறது. அப்படியானால் 13% செத்த பிறகும் நீந்துகிறதா? உயிர்ப்பு சதவீதம் அசைவு சதவீதத்தைவிடக் கூடவோ, குறைந்தபட்சம் சமமாகவோ இருந்தாக வேண்டும். எண்ணும் பிழை என்று தள்ளிவிடவும் முடியாது. இரு பக்கமும் 400 எண்ணியிருந்தால் இந்த அளவில் தற்செயலாக வரக்கூடிய வித்தியாசம் 7% வரைதான். 13 என்றால் எங்கோ தவறு நடந்திருக்கிறது.

என் முதல் சந்தேகம் ஸ்டெயின் பாட்டில் மேல். ஈயோசினை வெறும் டிஸ்டில்டு வாட்டரில் கரைத்திருந்தால் அது ஹைப்போடானிக் (செல்லுக்குள் உள்ளதைவிட உப்பு குறைந்தது). உயிரோடு வந்த விந்தணு அதில் விழுந்ததும் தண்ணீரை இழுத்து உப்பும், சவ்வு தளரும், ஈயோசின் உள்ளே போகும். டெஸ்ட்தான் அதைக் கொல்கிறது. சரியான கலவை: 100 மி.லி. தண்ணீரில் ஈயோசின் ஒய் 0.67 கிராம், சோடியம் குளோரைடு 0.9 கிராம், லேசாகச் சூடாக்கிக் கரைத்து, பிறகு நிக்ரோசின் 10 கிராம் சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, வடிகட்டிக் கண்ணாடி பாட்டிலில் மூடி வைப்பது. அந்த 0.9 கிராம் உப்பு இருக்கிறதா என்று லேபிளில் பாருங்கள். லேபிளே இல்லையென்றால் ஊற்றிவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள்.

ஓட்டும் முறை: நன்றாகக் கலக்கிய விந்து 50 மைக்ரோலிட்டர், ஸ்டெயின் 50 மைக்ரோலிட்டர், 30 விநாடி. அதிலிருந்து 12 மைக்ரோலிட்டர் எடுத்து ஸ்மியர். ஃபேன் காற்றில் சீக்கிரம் உலரட்டும். ஈரமாகவே நெடுநேரம் கிடந்தால் சாயம் பரவிக்கொண்டே போகும். ஆயிலில் 1000 மடங்கு வைத்து எண்ணுங்கள். தலை முழுக்கச் சிவப்போ அடர் பிங்க்கோ இருந்தால் செத்தது. வெள்ளை, மிக லேசான பிங்க் இரண்டும் உயிர். கழுத்தில் மட்டும் கொஞ்சம் சிவப்பு ஏறி, தலையின் மற்ற பாகம் வெள்ளையாக இருப்பதைப் பலர் செத்தது என்று போட்டுவிடுகிறார்கள். அது கழுத்துச் சவ்வுக் கசிவு, உயிருள்ள கணக்கில்தான் வரும். சில சாம்பிளில் இதுவே ஏழெட்டு சதவீதம் இழுத்துவிடும்.

அடுத்தது நேரம். சாம்பிள் வந்த 30 நிமிடத்துக்குள், மிஞ்சினால் ஒரு மணி நேரத்துக்குள் இரண்டையும் பார்க்க வேண்டும். அசைவை அரை மணியில் பார்த்துவிட்டு, ஈயோசினை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் இரண்டையும் ஒப்பிடவே கூடாது.

சரிபார்க்க மலிவான வழி ஹெச்.ஓ.எஸ். டெஸ்ட் (அடர்த்தி குறைந்த கரைசலில் விந்தணு வால் உப்புகிறதா என்று பார்ப்பது). 100 மி.லி. தண்ணீரில் சோடியம் சிட்ரேட் டைஹைட்ரேட் 0.735 கிராம், ஃப்ரக்டோஸ் 1.351 கிராம். 1 மி.லி. எடுத்து 37 டிகிரியில் 5 நிமிடம் சூடாக்கி, 100 மைக்ரோலிட்டர் விந்து சேர்த்து, 37 டிகிரியிலேயே 30 நிமிடம். பிறகு ஃபேஸ் கான்ட்ராஸ்டில் 200 எண்ணுங்கள். வால் சுருண்டு உப்பியிருந்தால் சவ்வு வேலை செய்கிறது, அதாவது உயிர். கரைசலில் போடும் முன்பே வால் சுருண்ட விந்தணு சிலவற்றில் இருக்கும். அதைத் தனியாக எண்ணிக் கழிக்காவிட்டால் கணக்கு ஏறிவிடும். ஹெச்.ஓ.எஸ். 60-க்குப் பக்கத்தில் வந்து ஈயோசின் 41-லேயே நின்றால் குற்றவாளி பாட்டில்தான்.

இன்னொன்று. 54% அசையும் சாம்பிளுக்கு உயிர்ப்பு டெஸ்ட் அவசரத் தேவை இல்லை. அசைவு 40%-க்குக் கீழே போகும்போதுதான் ‘அசையாதவை உயிரோடு இருக்கின்றனவா’ என்ற கேள்விக்கே அர்த்தம் வருகிறது.


ஃப்ளோசெல்:

ஈயோசின் பற்றி மேலே சொன்னது சரி. உங்கள் ஃப்ளோவிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. பி.ஐ. ஏறியவை 16-உம் 8-உம் சேர்த்து 24%. பி.ஐ.யும் ஈயோசின் மாதிரி ஓட்டைச் சவ்வு வழியாகத்தான் உள்ளே போகும். அந்தக் கணக்கில் உயிர்ப்பு 76%, ஈயோசினில் 41%. ஆனால் அந்த 76-ஐயும் நம்பிவிடாதீர்கள். அது பொய்யாகக் கூடியிருக்க வாய்ப்பு அதிகம்.

காரணம் கேட். விந்தில் விந்தணுவின் தலை அளவிலேயே, ஆனால் உள்ளே நியூக்ளியஸ் இல்லாத உருண்டைகள் மிதக்கும். மெரோசயனின் 540 சாயத்தை இழுப்பதால் எம்540 பாடி என்று பெயர். விரையில் அபாப்டோசிஸ் (செல் தன்னைத்தானே அழித்துக்கொள்வது) ஆன செல்களின் மிச்சம் அவை. ஸ்கேட்டரில் விந்தணு கேட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். டி.என்.ஏ. இல்லாததால் பி.ஐ. ஒருபோதும் ஏறாது, எனவே ‘உயிருள்ளது’ பக்கம் சேரும். அபாப்டோடிக் பாடி என்பதால் அனெக்சினைப் பிடிக்கும், எனவே ‘அனெக்சின் மட்டும்’ கட்டத்தில் விழும். உங்கள் 31%-இல் எத்தனை உண்மையான விந்தணு என்று இந்த டேட்டாவை வைத்துச் சொல்லவே முடியாது.

தீர்வு, எல்லா செல்லுக்குள்ளும் நுழையும் நியூக்ளியர் சாயம் ஒன்று. வயலட் லேசர் இருந்தால் ஹெக்ஸ்ட் 33342 போதும். முதலில் ஹெக்ஸ்ட் பாசிட்டிவ், அதற்குள் ஸ்கேட்டர் கேட், அதற்குள் அனெக்சினும் பி.ஐ.யும். ரவுண்ட் செல் 3 மில்லியன் என்கிறீர்கள். அதில் எவ்வளவு வெள்ளணு, எவ்வளவு முதிராத விந்தணுத் தாய்ச்செல் என்று பெராக்ஸிடேஸ் (வெள்ளணுவை நிறமேற்றும் டெஸ்ட்) போட்டுப் பாருங்கள். வெள்ளணு மி.லி.க்கு 1 மில்லியனைத் தாண்டினால் சி.டி.45 ஆன்டிபாடியால் அவற்றை வெளியே தள்ளிவிட்டுத்தான் படிக்க வேண்டும். சாகும் வெள்ளணுவும் அனெக்சினை அழகாகப் பிடிக்கும்.

இரண்டாவது, கழுவிய விதம். 2000 ஆர்.பி.எம். என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது, ரோட்டர் ஆரம் தெரிய வேண்டும். 15 செ.மீ. ஆரம் என்றால் 2000-இல் ஏறத்தாழ 670 ஜி. வெள்ளணு கலந்த விந்தை அப்படியே, கிரேடியன்ட் (விந்தணுவை வடித்தெடுக்கும் அடர்த்தி அடுக்கு) இல்லாமல், இரண்டு முறை அடியில் அழுத்திப் பெல்லட் ஆக்கினால் வெள்ளணுவும் விந்தணுவும் நெருங்கிக் கிடந்து ஆக்ஸிஜன் ரேடிக்கல் பொங்கும். சவ்வு அங்கேயே கெடுகிறது. 300 ஜி, 10 நிமிடம், ஒரே ஒரு கழுவல். அதே 15 செ.மீ. ரோட்டரில் இது சுமார் 1340 ஆர்.பி.எம். பெல்லட்டைப் பிப்பெட்டால் அடித்துக் கலைக்காதீர்கள், ட்யூபை விரலால் தட்டினால் போதும்.

40/80 கிரேடியன்டில் வடித்தபின் அனெக்சின் போடுவோரும் உண்டு. எண் குறைவாக வரும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது பொறுக்கி எடுத்த விந்தணுவின் கதை, அந்த ஆணின் விந்து பற்றியது இல்லை. இரண்டையும் பார்த்தால் இரண்டையும் தனித்தனிப் பெயரில் எழுதுங்கள்.

மூன்றாவது பஃபர். அனெக்சின் பாஸ்ஃபடிடில்செரினில் (வழக்கமாகச் சவ்வின் உள்பக்கம் இருக்கும் கொழுப்பு) ஒட்டக் கால்சியம் வேண்டும். பைண்டிங் பஃபரில் ஹெப்பஸ் 10 மில்லிமோலார், சோடியம் குளோரைடு 140, கால்சியம் குளோரைடு 2.5, பி.ஹெச். 7.4. பி.பி.எஸ்.ஸில் கழுவிவிட்டுக் கடைசித் துளி வரை எடுக்காமல் விட்டாலோ, எங்காவது ஈ.டி.டி.ஏ. (கால்சியத்தைப் பிடித்துக்கொள்வது) எட்டிப்பார்த்தாலோ ஒட்டுவது குறையும். மி.லி.க்கு 1 மில்லியன் விந்தணு, அதில் 100 மைக்ரோலிட்டர், அனெக்சின் 5, பி.ஐ. 5, இருட்டில் அறை வெப்பத்தில் 15 நிமிடம், பிறகு பஃபர் 400 மைக்ரோலிட்டர். ஒரு மணி நேரத்துக்குள் ஓட்டிவிடுங்கள். ஒற்றைச் சாய ட்யூப் இரண்டும் சாயமில்லாத ட்யூப் ஒன்றும் இல்லாமல் காம்பன்சேஷன் (இரு சாயத்தின் ஒளி கலப்பதைக் கழிப்பது) போடக் கூடாது. உறைய வைத்த சாம்பிளில் இந்த டெஸ்டே வேண்டாம். உறைந்து உருகும்போது சவ்வு கிழிந்து எல்லாமே பாசிட்டிவ் ஆகிவிடும்.

இவ்வளவும் சரியாகச் செய்த பிறகும் ஒரு சங்கடம் மிச்சம். பாஸ்ஃபடிடில்செரின் வெளிச்சவ்வுக்கு வந்தால் சாவு மணி அடித்தாயிற்று என்பது உடம்பின் மற்ற செல்களுக்குப் பொருந்தும். விந்தணுவில் அப்படி நேர்கோடு இல்லை. பைகார்பனேட் உள்ள மீடியத்தில் கப்பாசிட்டேஷன் (விந்தணு முட்டையோடு இணையத் தயாராவது) நடக்கும்போது சவ்வுக் கொழுப்புகள் இடம் மாறும். உயிருள்ள, நீந்தும் விந்தணுவின் தலையில் பாஸ்ஃபடிடில்செரின் வெளிப்படுவதும், முட்டையோடு இணைவதில் அதற்குப் பங்கு இருப்பதும் 2019-இல் எலியை வைத்துக் காட்டப்பட்டது. ஆகவே ‘அனெக்சின் பாசிட்டிவ், பி.ஐ. நெகடிவ்’ என்பதை ரிப்போர்ட்டில் ‘ஆரம்ப அபாப்டோசிஸ்’ என்று மொழிபெயர்க்காமல், பார்த்ததைப் பார்த்தபடியே எழுதுவதுதான் நேர்மை.

சந்தேகமாக இருந்தால் மைட்டோகாண்ட்ரியாவைக் கேளுங்கள். ஜே.சி.-1 சாயம் போட்டு, மிட்பீஸ் (தலைக்கு அடுத்து வாலின் தொடக்கப் பாகம்) ஆரஞ்சாக ஒளிர்ந்தால் மின்னழுத்தம் இருக்கிறது, பச்சை மட்டும் என்றால் போய்விட்டது. சி.சி.சி.பி. (அந்த மின்னழுத்தத்தை அழிப்பது) போட்ட ட்யூப் ஒன்று கன்ட்ரோலாகக் கட்டாயம். அனெக்சின் ஏறி, மைட்டோகாண்ட்ரியாவும் அணைந்திருந்தால் அது சாகும் வழியில் இருக்கிறது என்று சொல்ல ஓரளவு தைரியம் வரும்.


நியூபார்_லேப்:

நன்றி சார். பாட்டிலில் உப்பு என்று எதுவும் எழுதவில்லை, ‘ஈயோசின் 0.5% அக்வஸ்’ என்று மட்டும் இருக்கிறது. ரோட்டர் ஆரம் 16 செ.மீ. டியூனல் மட்டும் புரியவில்லை. அனெக்சின் எண்ணில் பாதி பொய் என்றே வைத்துக்கொண்டாலும், 11% டியூனல் நம்பக்கூடியதா?


குரோமாட்டின்:

‘அக்வஸ்’ என்றால் விடை கிடைத்துவிட்டது, அந்த 41-ஐ அடித்துவிடுங்கள்.

டியூனல் பற்றி. முதலில் ஒரு அடிப்படை: அபாப்டோசிஸ் நடந்தால் டி.என்.ஏ. துண்டாகும், எனவே இரண்டு எண்ணும் ஒத்துப்போக வேண்டும் என்று எதிர்பார்ப்பதே இங்கே சரிப்படாது. மற்ற செல்லில் எண்டோநியூக்ளியேஸ் நியூக்ளியசுக்குள் போய் டி.என்.ஏ.வை வெட்டும். விந்தணுவில் மைட்டோகாண்ட்ரியா எல்லாம் மிட்பீஸில், டி.என்.ஏ. தலையில், அதுவும் புரோட்டமின் (டி.என்.ஏ.வைக் கட்டும் புரதம்) சுற்றி இறுக்கி வைத்தது. மிட்பீஸிலிருந்து வெளிவரும் நியூக்ளியேஸ் தலைக்குப் போய்ச் சேர்வதில்லை. முதிர்ந்த விந்தணுவில் டி.என்.ஏ. உடைவது பெரும்பாலும் ஆக்ஸிடேட்டிவ் பாதிப்பால், இல்லையென்றால் விரையிலேயே தொடங்கி முடியாமல் நின்ற அபாப்டோசிஸ், அல்லது குரோமாட்டின் (டி.என்.ஏ.வும் புரதமும் சேர்ந்த கட்டு) இறுகும் காலத்தில் வெட்டி ஒட்டாமல் விட்ட இடங்கள். ஆகவே அனெக்சின் உயர்ந்து டியூனல் குறைவாக இருப்பது தன்னளவில் முரண்பாடு இல்லை.

ஆனாலும் உங்கள் 11 குறைத்துக் காட்டுகிறது என்றுதான் படுகிறது. இரண்டு காரணம்.

ஒன்று, மேலே ஃப்ளோசெல் சொன்ன எம்540. நியூக்ளியஸ் இல்லாத உருண்டையெல்லாம் டியூனலில் நெகடிவ். அவை பகுதியெண்ணில் ஏறி உட்கார்ந்து சதவீதத்தை இறக்குகின்றன.

இரண்டு, டி.டி.டி. சாதாரண செல்லுக்கு எழுதிய கிட் முறை விந்தணுவின் இறுகிய குரோமாட்டினுக்குப் போதாது. டியூனலின் என்சைமையும் டி.டி.டி. என்றே சொல்வதால் குழப்பம் வரும், நான் சொல்வது டைதயோதிரெய்டால். புரோட்டமின்களுக்கு நடுவே உள்ள டைசல்ஃபைடு கொக்கிகளை அது அவிழ்க்கும். 2 மில்லிமோலார், 45 நிமிடம், ஃபிக்ஸ் செய்வதற்கு முன். அதன்பின் 3.7% ஃபார்மால்டிஹைடு, அதன்பின் 0.1% சோடியம் சிட்ரேட்டில் 0.1% டிரைட்டான் எக்ஸ்-100, ஐஸ் மேல் சில நிமிடம், அதன்பின் என்சைம் கலவையில் 37 டிகிரி, இருட்டில் ஒரு மணி நேரம். தளர்த்தாமல் செய்தால் என்சைம் வெளி ஓரத்தை மட்டும் தொட்டுவிட்டு வந்துவிடும்.

டி.என்.ஏஸ் I (டி.என்.ஏ.வை வெட்டும் என்சைம்) போட்ட பாசிட்டிவ் கன்ட்ரோல் எவ்வளவு வந்தது? அதை எழுதவே இல்லை. அது 90-க்கு மேல் ஏறாமல் 50-60-இல் நின்றால், டெஸ்ட் உள்ளே நுழையவே இல்லை என்று அர்த்தம். என்சைம் இல்லாத நெகடிவ் ட்யூபும் ஒவ்வொரு சாம்பிளுக்கும் தனியாக வேண்டும்.

எல்லைக் கோடு பற்றி ஒரு எச்சரிக்கை. எஸ்.சி.எஸ்.ஏ.வில் (டி.என்.ஏ. பாதிப்பை அளக்கும் இன்னொரு டெஸ்ட்) 30% என்பதை எடுத்து டியூனலுக்குப் போடுகிறார்கள். இரண்டும் அளப்பது வேறு. டியூனல் ஏற்கெனவே உடைந்த நுனிகளை எண்ணுகிறது. எஸ்.சி.எஸ்.ஏ. அமிலத்தில் நனைத்து, எது அவிழ்கிறது என்று பார்க்கிறது. ஃப்ளோ டியூனலுக்கு 16.8% என்ற எல்லை ஒரு குறிப்பிட்ட மெஷினுக்கும் முறைக்கும் கண்டது, வேறு கிட்டில் அதை அப்படியே ஒட்டக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேடு டி.என்.ஏ. டெஸ்ட்களைக் கூடுதல் பரிசோதனைகளில் சேர்த்திருக்கிறது. அதிலும் ஒவ்வொரு லேபும் தன் எல்லையைத் தானே நிறுவ வேண்டும் என்பதே நிலை.

எஸ்.சி.எஸ்.ஏ. ஓட்ட வசதி இருந்தால் இதே சாம்பிளில் செய்யலாம். மி.லி.க்கு 1 முதல் 2 மில்லியன் ஆகக் குறைத்து, 200 மைக்ரோலிட்டர் எடுத்து, பி.ஹெச். 1.2 அமில டிடர்ஜென்ட் 400 மைக்ரோலிட்டர், சரியாக 30 விநாடி, உடனே அக்ரிடின் ஆரஞ்சு 1.2 மி.லி. மூன்றாவது நிமிடம் படிக்க வேண்டும், 5000 செல். அந்த 30 விநாடியை ‘ஏறக்குறைய’ என்று விட்டால் எண் ஆடும். அக்ரிடின் ஆரஞ்சு ட்யூபிங்கில் ஒட்டிக்கொள்ளும். முதலில் சாயத்தை ஓடவிட்டுக் குழாயை நிறைத்துக்கொண்டு தொடங்குங்கள், முடிந்ததும் ப்ளீச்சால் கழுவுங்கள், இல்லையென்றால் அடுத்த நாள் அனெக்சின் ஓட்டுபவர் உங்களைத் திட்டுவார். இந்த டெஸ்டுக்கு மட்டும் உறைந்த சாம்பிள் சரி: திரவமானதும் லிக்விட் நைட்ரஜனில் போட்டு, ஓட்டும் நேரத்தில் 37 டிகிரி வாட்டர் பாத்தில் உருக்கி உடனே செய்துவிட வேண்டும்.

ஃப்ளோ இல்லாத இடத்தில் ஹேலோ டெஸ்ட் (அகரோஸில் பதித்த விந்தணுவைச் சுற்றி வட்டம் வருகிறதா என்று பார்ப்பது) போதும். அகரோஸ் 37 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்போது விந்தைக் கலந்துவிடுவதுதான் அங்கே வழக்கமான தப்பு.


ஆண்ட்ரோ_டாக்டர்:

சிகிச்சை பக்கத்திலிருந்து சில வார்த்தை.

6 நாள் அப்ஸ்டினென்ஸ் என்பதை யாரும் கவனிக்கவில்லை. 2 முதல் 7 நாள் என்ற விதிக்குள் வருகிறது, தப்பில்லை. ஆனால் எபிடிடிமிஸில் (விரையை ஒட்டி விந்தணு முதிரும் குழாய்) தங்கும் நாள் கூடக் கூட ஆக்ஸிடேட்டிவ் பாதிப்பும் உடைந்த டி.என்.ஏ.வும் கூடும். அடுத்த சாம்பிள் 2 நாளில் வாங்குங்கள். அதற்குப் பிறகு எத்தனை முறை பார்த்தாலும் அதே 2 நாள். ஒரு முறை 2, ஒரு முறை 6 என்று வாங்கி ‘மருந்து வேலை செய்தது’ என்று சொல்வதில் பொருளில்லை.

காய்ச்சல் வந்ததா என்று கேளுங்கள். விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள், எபிடிடிமிஸைக் கடக்க இன்னும் ஒன்றிரண்டு வாரம். இரண்டு மாதம் முந்திய டெங்குவின் தடம் இன்றைய சாம்பிளில் தெரியும். அப்படி இருந்தால் மூன்று மாதம் கழித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

சாவு பற்றிய எண் எங்கே முடிவை மாற்றும் என்றால், அசைவு கிட்டத்தட்ட பூஜ்யமாக இருக்கும்போது. எல்லாம் அசையாமல் கிடந்து ஆனால் உயிரோடு இருந்தால் வாலின் கட்டமைப்புக் கோளாறு, சைனஸ், மார்புச் சளித் தொல்லை உண்டா என்று கேட்க வேண்டும். அசையாமல், செத்தும் கிடந்தால் கோளாறு எபிடிடிமிஸ் பக்கம் இருக்கலாம், அல்லது தொற்று, அல்லது நெடுநாள் தேக்கம். அங்கே அடுத்தடுத்து சாம்பிள் வாங்கிப் பார்ப்பதே பாதி சிகிச்சை. அதற்கும் சரிவராதவர்களுக்கு விரையிலிருந்து எடுக்கும் விந்தணு. அசையாதவற்றிலிருந்து இக்ஸிக்குப் பொறுக்க ஹெச்.ஓ.எஸ்.தான், மீடியத்தையும் ஸ்டெரைல் தண்ணீரையும் பாதிக்குப் பாதி கலந்து, 5 நிமிடம். ஈயோசின் பட்டது எதையும் முட்டைக்குள் செலுத்தக் கூடாது.

இந்த ஆளுக்கு 54% அசைவு இருக்கிறது. அனெக்சின் 47 என்ற ஒற்றை எண்ணை வைத்து இக்ஸிக்குத் தள்ளாதீர்கள். அமெரிக்க யூராலஜி சங்கமும் அங்குள்ள இனப்பெருக்க மருத்துவச் சங்கமும் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், முதல் கட்டப் பரிசோதனையில் டி.என்.ஏ. டெஸ்டே வேண்டாம் என்கிறது. மீண்டும் மீண்டும் கரு கலைந்த தம்பதிக்குத்தான் அதற்கு இடம். கையால் தொட்டுப் பார்த்தே தெரியும் வெரிகோசீல் (விரைப்பை ரத்தநாள வீக்கம்) இருக்கிறதா, புகை உண்டா, வெள்ளணு கூடியிருந்தால் ஏன், மனைவியின் வயதும் முட்டை இருப்பும் என்ன. முடிவு அங்கிருந்து வர வேண்டும்.

ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை எழுதும் முன் ஒரு தகவல்: 2020-இல் வெளிவந்த மாக்ஸி ஆய்வில் விந்தின் தரமோ டி.என்.ஏ. உடைவோ மேம்படவில்லை. அதே ஆண்டு ஃபோலிக் ஆசிட், ஜிங்க் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில் குழந்தை பிறப்பும் கூடவில்லை, டி.என்.ஏ. உடைவு சற்றுக் கூடவும் செய்தது.


நியூபார்_லேப்:

அனெக்சின் காந்த மணியில் பிரித்து எடுக்கும் முறையை, மேக்ஸ், இவருக்குச் சொல்லலாமா என்று டாக்டர் கேட்கிறார்.


ஃப்ளோசெல்:

தொழில்நுட்பமாக வேலை செய்யும். பாஸ்ஃபடிடில்செரின் வெளிவந்தவை காந்தத் தூணில் ஒட்டிக்கொள்ளும், ஒட்டாமல் வழிந்து வருவதை எடுக்கலாம். ஆனால் அதனால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடும் என்று உறுதியாகச் சொல்லும் அளவு சான்று இல்லை. இவருடைய 47-இல் எவ்வளவு உண்மை என்றே இன்னும் தெரியாத நிலையில் பணம் செலவு பண்ண வைக்காதீர்கள்.


ஆயில்_இம்மெர்ஷன்:

முதலில் 2 நாள் அப்ஸ்டினென்ஸில் புது சாம்பிள், உப்பு போட்ட ஸ்டெயின், பக்கத்தில் ஹெச்.ஓ.எஸ்., ரவுண்ட் செல்லுக்குப் பெராக்ஸிடேஸ். இதற்கு ஃப்ளோவே வேண்டாம், ஒரு காலை நேரம் போதும். ரிப்போர்ட்டில் இப்போதைக்கு அசைவு, செறிவு, மார்பாலஜி மட்டும் போட்டு, உயிர்ப்புக்கு நேரே ‘மறுபரிசோதனை’ என்று எழுதுங்கள். 16 செ.மீ. ரோட்டருக்கு 300 ஜி என்றால் சுமார் 1300 ஆர்.பி.எம்., மெஷின் மேலேயே ஒட்டி வையுங்கள்.